மசக்கையின் காரணம் தேடிய வரலாறு

சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறப்பாட்டொன்றை ஆறாம் படிவ மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்தேன். புறநானூற்றின் 20ஆம் பாட்டு அது. அம்மன்னனின் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் வேட்கை மிகுதியால் உண்பரே அன்றிப் பகைவர் எவரும் உண்ணல் இயலாது என்பது அப்பாட்டில் வரும் கருத்து. மன்னனின் வீரத்தை விளக்கி முடித்து அடுத்த அடிக்குச் செல்லும் வேளையில் பின் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, வயிற்றில் பிள்ளை வந்தால் ஏன் மண்ணைத் தின்ன வேண்டும்? சோற்றைக் கண்டால் ஏன் குமட்ட வேண்டும்?" என்று கேட்டாள். "அது பெண்களின் இயல்பு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் சொன்னது விடையன்று. கேள்வியை மூடி வைக்கும் மூடி அது. அதே மூடியைக் கொண்டு என் தமக்கையின் வாயையும் ஒருவர் அடைத்ததை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். அதனைப் பின்னர்ச் சொல்வேன். அம்மாணவிக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மசக்கை என்று இன்று நாம் வழங்குவதைப் பண்டைத் தமிழர் வயா என்றும் வயவு என்றும் வழங்கினர். வயா என்னும் சொல் வேட்கையின் பெருக்கத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. குறுந்தொகையின் 287ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து மலையை நோக்கி ஏறும் கார்மேகத்திற்குப் பச்சைப் புளியை விரும்பும் நிறைசூல் மகளிரை உவமை கூறுகிறார். இவ்விடங்களில் நம் முன்னோர் வாந்தியைப் பேசவில்லை, வேட்கையையே பேசினர். மலாய் மொழியிலும் கருவுற்றவளின் நிலையைச் சொல்லும் மெங்கிடாம் என்னும் சொல் வேட்கையையே சுட்டுகிறது. நம் அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணி அச்சொல்லைச் சொல்லும்போது பச்சை மாங்காயும் புளிப்பும் நினைவுக்கு வருகின்றனவே அன்றி நோயின் நினைவு வருவதில்லை. ஆங்கிலேயர் மட்டும் இதனைக் 'காலை நோய்' என்றனர். அது பொருந்தாப் பெயர். பெரும்பாலான பெண்களுக்குக் குமட்டல் காலையோடு நிற்பதில்லை. பகலிலும் வரும், இரவிலும் வரும்.

கருவுற்ற பெண்களில் பத்தில் ஏழு பேர் இந்தக் குமட்டலை ஓரளவேனும் அறிவர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஆறாம் கிழமையளவில் தொடங்கி நான்காம் மாதத்தில் தணிந்துவிடும். ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர்க்கு அது தணியாத பெருவாந்தியாகி, நீரும் தங்காமல் உடலை உருக்கிவிடும். இவ்விரு நிலைகளுக்கும் காரணம் என்ன என்ற கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

கிரேக்கரிடமிருந்து தொடங்குவோம். மாதவிலக்கு நின்று, நடுக்கமோ காய்ச்சலோ இன்றி, உணவில் குமட்டல் மட்டும் தோன்றினால் அவளைக் கருவுற்றவள் என்று கொள்க என இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் கூறுகிறது. குமட்டல் அங்கே நோயன்று, அறிகுறி. கருவின் தலையில் மயிர் முளைக்கும் காலத்தில் தாய்க்குத் தொல்லை மிகும் என்ற கருத்து அரிசுடாட்டிலின் விலங்கு நூலில் உள்ளது. நம் பாட்டிமாரும் நெஞ்செரிச்சல் மிகுந்தால் பிள்ளைக்கு அடர்ந்த முடி இருக்கும் என்பர். 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதனைப் பொய்யென மெய்ப்பிக்க எண்ணி 64 பெண்களை ஆராய்ந்து, நெஞ்செரிச்சலுக்கும் குழந்தையின் முடிக்கும் தொடர்பு இருக்கக் கண்டு வியந்தனர். ஆனால் அது நெஞ்செரிச்சல் பற்றியது, வாந்தி பற்றியதன்று.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம் நகரில் மருத்துவம் செய்த எபேசு நகரத்துச் சொரானசு என்பவரே இதனை முழுமையாக எழுதியவர். அவர் இதற்குக் கிசா என்று பெயரிட்டுப் பேசுகிறார். பலநிற இறகும் பலவகைக் குரலும் உடைய ஒரு பறவையின் பெயர் அது. கருவுற்றவளின் வேட்கையும் அவ்வாறு பலவாறாக மாறுவதால் அப்பெயர் வந்தது என்பது அவர் தரும் விளக்கங்களுள் ஒன்று. நாற்பதாம் நாளளவில் தொடங்கிப் பெரும்பாலும் நான்கு மாதம் நீடிக்கும் என்றும், மண்ணையும் கரியையும் கொடித் தளிரையும் காயாத புளிங்கனியையும் விரும்புவர் என்றும் எழுதினார். மண் என்ற சொல்லைக் கண்டதும் குறுங்கோழியூர் கிழாரை நினைத்துக்கொண்டேன். உரோமிலும் சேர நாட்டிலும் ஒரே வேட்கை!

காரணம் என்று பண்டைக் கிரேக்க மருத்துவ மரபு சொன்னது இதுதான்: மாதந்தோறும் வெளியேற வேண்டிய குருதி தங்கிவிடுகிறது, கரு சிறிதாயிருக்கும்போது அதனை முழுதும் உண்ண இயலாமையால் எஞ்சியது கெட்டுத் தாயின் வயிற்றைக் கலக்குகிறது, கரு வளர்ந்து அனைத்தையும் உண்ணத் தொடங்கியதும் குமட்டல் தணிகிறது. இன்று இது தவறென்று அறிவோம். ஆயினும் நான்காம் மாதத்தில் ஏன் தணிகிறது என்ற கேள்விக்கு விடைசொல்ல முயன்ற கொள்கை இது என்பதை மறுக்கலாகாது. பின்வந்த பல கொள்கைகள் அந்தக் கேள்வியையே மறந்தன.

நம் நாட்டு ஆயுள்வேதம் வேறு வழியில் சென்றது. சரகமும் சுசுருதமும் கருவுற்றவளை இரு இதயம் உடையவள் என்கின்றன. கருவின் இதயம் தோன்றியதும் அதன் விருப்பம் தாயின் வழியாக வெளிப்படுகிறது. ஆகவே அவள் விரும்பியதை மறுத்தால் குழந்தைக்கு ஊறு நேரும் என்பது அந்நூல்களின் கொள்கை. சொரானசோ, தீங்கான உணவை விரும்பும் பெண்ணை முதலில் சொல்லால் தடுக்கவேண்டும், மிக வருந்தினாள் எனின் சில நாள் கழித்துச் சிறிது கொடுக்கலாம் என்றார். மருத்துவ முறையில் சொரானசின் பக்கம் நிற்பவர் பலர் இருக்கலாம். என் மனம் சரகரின் பக்கமே சாய்கிறது. இரு இதயம் என்னும் கருத்து உடற்கூற்றின்படி எவ்வாறாயினும், தாய்க்குள் இருக்கும் மற்றோர் உயிர்தான் இதற்குக் காரணம் என்று அது சுட்டியது. அதனை உறுதிசெய்ய உலகம் 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைக்காலத்தை விரைந்து கடந்து பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1852ஆம் ஆண்டில் பாரிசு மருத்துவக் கழகத்தில் பால் துபுவா என்னும் மகப்பேற்று மருத்துவர் கொடிய வாந்தியால் இறந்த பெண்களைப் பற்றி உரையாற்றினார். அதன் பின்னரே இது உயிரைப் போக்கும் நோயும் ஆகும் என்று ஐரோப்பிய மருத்துவர் பரவலாக விவாதிக்கத் தொடங்கினர். மூன்று ஆண்டுகளில் இலக்கிய உலகம் அறிந்த ஒருவர் மறைந்தார். 'சேன் அயர்' என்னும் புதினத்தை எழுதிய சார்லட் பிராண்டி 1854 சூன் திங்களில் மணம் புரிந்தார். 1855 சனவரியில் ஓயாத குமட்டல் தொடங்கியது. உணவின் நினைவே அவரை வருத்தியது. பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்து மனந்தேறும்படி பணிப்பெண் ஆறுதல் கூறியதை, 1857இல் அவர் வரலாற்றை எழுதிய கேசுகல் அம்மையார் பதிவு செய்துள்ளார். மார்ச்சு 31ஆம் நாள் தம் 38ஆம் வயதில் சார்லட் இறந்தார். இறப்புச் சான்றில் எழுதப்பட்ட காரணம் என்புருக்கி. 1972இல் பிலிப் ரோட்சு என்னும் மகப்பேற்று மருத்துவர் சான்றுகளை ஆராய்ந்து, மசக்கையின் பெருவாந்தியே காரணமாக இருக்கவேண்டும் என்று எழுதினார். இதனை மறுப்பவரும் உளர். எலும்பும் தோலுமாகிப் பட்டினியால் மாய்ந்த ஒரு பெண் என்பதில் ஐயமில்லை.

துபுவாவுக்குப் பின் காரணங்கள் பெருகின. 1871இல் இலண்டன் மருத்துவர் கிரெய்லி கூவிட்டு கருப்பை இடம் சாய்வதே காரணம் என்றார். நார்விச்சு நகரத்துக் கோப்மன் 1875இல் கருப்பையின் வாயை விரலால் விரித்து வாந்தியை நிறுத்தியதாக எழுதினார். பலர் அவ்வழியே சென்றனர். 1890களின் தொடக்கத்தில் செருமனியின் கால்டன்பாக்கு, இது பெரும்பாலும் இசிவுநோயின் வகை, அதாவது மனத்தின் கோளாறு என்றார். 1906இல் அமெரிக்காவின் விட்ரிட்ஜ் வில்லியம்சு கொடிய வாந்தியை உறுப்பின் தூண்டலால் வருவது, நரம்பால் வருவது, நச்சால் வருவது என மூன்றாகப் பகுத்தார். மூன்றில் நச்சுக் கொள்கையைப் பலரும் ஆராய்ந்து நச்சைக் காணாது சோர்ந்தனர். நரம்புக் கொள்கைதான் நீண்டநாள் வாழ்ந்தது. உளப்பகுப்பாய்வு பரவிய காலத்தில், பிள்ளையை உள்ளூர வெறுக்கும் பெண் அதனை வாய்வழியே வெளியேற்ற முயல்கிறாள் என்று விளக்கம் கூறினர்! கணவனையும் தாயையும் பார்க்கவிடாமல் இருளறையில் தனியே கிடத்துவது மருத்துவமுறை ஆயிற்று. காரணம் தெரியாத இடத்தில் பழி வந்து அமர்ந்துகொண்டது.

என் தமக்கையைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். 1960களின் தொடக்கம். நாங்கள் இரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். அக்கா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தாக வேண்டும். தலைப்பிள்ளை வயிற்றில் வந்த இரண்டாம் மாதத்திலிருந்து அவரால் ஒரு மிடறு நீரும் குடிக்க இயலவில்லை. பால் வாளியின் நாற்றம் பட்டாலே வாந்தி. தோட்டத்து மருத்துவமனையின் டிரெஸ்ஸர், "இது நோவு இல்லை. வேலைக்குப் போகப் பிடிக்காத பிடிவாதம். எல்லாப் பெண்களும் பிள்ளை பெறவில்லையா?" என்றார். அம்மாவும் அதை நம்பிவிட்டார். அதுதான் கொடுமை. பதினெட்டு நாள் கழித்து, அக்கா நிரையிலேயே மயங்கி விழுந்த பிறகு லாரியில் போட்டு நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அங்கே நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கண்விழித்தார். பிள்ளையும் பிழைத்தது. அக்கா அதற்குப்பின் வேறு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை.

அந்த உப்புநீர்தான் வரலாற்றின் பெரிய திருப்பம். பிரிட்டனில் 1931 முதல் 1940 வரை பத்து இலட்சம் பேறுகளுக்கு 159 பெண்கள் பெருவாந்தியால் இறந்தனர். 1951 முதல் 1960 வரை அவ்வெண் 3 ஆகக் குறைந்தது. காரணத்தைக் கண்டறிந்து வந்த வெற்றியன்று இது. இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்ததனால் வந்தது. தாய் சாகாமல் காப்பாற்றப்பட்டாள். அவள் சொல் மட்டும் முன்போலவே நம்பப்படவில்லை.

இக்காலத்தில்தான் மருந்துக் கடைகள் விடையோடு வந்தன. 1957 அக்டோபர் 1ஆம் நாள் மேற்கு செருமனியின் குருனந்தால் நிறுவனம் தாலிடோமைடு என்னும் மருந்தைக் காண்டெர்கான் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உரிய, எவ்வளவு உண்டாலும் ஊறு செய்யாத மருந்து என்று விளம்பரம் செய்தனர். குமட்டலால் வருந்திய கருவுற்ற பெண்களும் அதனை உண்டனர். 40க்கும் மேற்பட்ட நாடுகளில் அது விற்பனையாயிற்று. 1961 நவம்பரில் ஆம்பர்க்கு நகரத்துக் குழந்தை மருத்துவர் விடுகிண்டு லென்சு, கைகால் குறுகிப் பிறந்த குழந்தைகளின் தாய்மார் இம்மருந்தை உண்டதைக் கண்டறிந்து அறிவித்தார். ஆத்திரேலியாவின் வில்லியம் மெக்பிரைடும் தாமாகவே அதே ஐயத்தை எழுப்பினார். அத்திங்களின் இறுதியில் செருமனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஊனத்தோடு பிறந்துவிட்டனர். பிறந்த சில நாளில் மாண்டவர் பலர்.

இதில் ஓர் உண்மையை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். கரு தரித்த 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடையில்தான் இம்மருந்து கருவின் உறுப்புகளைச் சிதைத்தது. கைகால்கள் அரும்பும் நாள்கள் அவை. மசக்கை தலைகாட்டும் நாள்களும் அவையே! எந்த நாளில் தாய் மருந்தைத் தேடினாளோ அந்த நாளில்தான் அது நஞ்சாயிற்று. அமெரிக்காவில் மட்டும் பிரான்சிசு கெல்சி என்னும் அம்மையார், உணவு மருந்து ஆணையத்தில் புதிதாகப் பணியேற்றவர், போதிய சான்று இல்லை என்று கூறி இசைவு தர மறுத்துக்கொண்டே இருந்தார். நிறுவனத்தார் எத்தனையோ முறை நெருக்கியும் அவர் அசையவில்லை. 1962இல் அதிபர் கென்னடி அவருக்கு விருதளித்தார்.

இசைவு கேட்டு நெருக்கிய மெரல் நிறுவனம், 1956 முதலே மசக்கைக்கென்று பெண்டெக்டின் என்னும் மற்றொரு மருந்தை விற்றுவந்தது. தாலிடோமைடின் நிழல் அதன்மீதும் விழுந்தது. ஊனமுற்ற குழந்தைகளின் பெற்றோர் வழக்குகள் தொடுத்தனர். பல ஆய்வுகள் அம்மருந்தால் ஊனம் வருவதாகக் காட்டவில்லை. ஆயினும் வழக்கின் சுமை தாளாமல் 1983இல் நிறுவனம் அதனைச் சந்தையிலிருந்து நீக்கியது. தாலிடோமைடை எச்சரித்துப் புகழ்பெற்ற மெக்பிரைடு இவ்வழக்குகளில் மருந்துக்கு எதிராகச் சான்று கூறினார். பின்னர், முயல்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வின் முடிவுகளை அவர் திரித்தார் என்பது உறுதியாகி 1993இல் மருத்துவர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டார். நீக்கப்பட்ட அம்மருந்தின் இரு கூறுகள் 2013இல் அமெரிக்காவில் மீண்டும் இசைவு பெற்றன. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அங்கே துன்புற்ற பெண்களுக்கு யார் விடை சொல்வது?

மருந்துகள் இவ்வாறு வந்தும் போயும் கொண்டிருக்க, காரணம் பற்றிய தேடல் வேறிரு திசைகளில் நடந்தது. ஒன்று சுரப்புநீர் பற்றியது. 1927இல் பெர்லினில் அசைமும் சொண்டெக்கும் கருவுற்றவளின் சிறுநீரில் தனித்த சுரப்பு இருப்பதைக் கண்டனர். எலிகளின் உடலில் அதனைச் செலுத்தி, கருவுற்றிருப்பதை உறுதிசெய்யும் சோதனை பிறந்தது. அச்சுரப்பு உச்சம் அடையும் கிழமைகளும் குமட்டல் உச்சம் அடையும் கிழமைகளும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தமையால் அதுவே காரணம் என்று பலர் கொண்டனர். எனினும் அச்சுரப்பு மிகுந்தும் வாந்தி எடுக்காத பெண்கள் பலர் இருந்தனர்.

மற்றொரு திசை, வாந்தியால் பயன் உண்டா என்று கேட்டது. கருவின் உறுப்புகள் உருவாகும் காலத்தில் உணவின்வழி வரும் நஞ்சுகளைத் தடுக்கவே இயற்கை இதனை அமைத்தது என்று மார்சி புரோபெட் 1988 முதல் எழுதினார். 2000ஆம் ஆண்டில் கார்னல் பல்கலைக்கழகத்துப் பிளாக்சுமனும் சேர்மனும் பல நாட்டுச் சான்றுகளைத் தொகுத்தனர். மசக்கை பதிவான 20 மரபுச் சமூகங்களையும் அது பதிவாகாத 7 சமூகங்களையும் ஒப்பிட்டபோது, அவ்வேழும் பெரும்பாலும் இறைச்சியைவிடச் சோளம் போன்ற விளைபொருளை அடிப்படை உணவாகக் கொண்டவை என்று கண்டனர். கருவுற்றவள் மிகுதியாக வெறுப்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றையே. விரைவில் கெடுபவை அவை. மண் தின்னும் வழக்கத்தையும் சேர்மனின் குழுவினர் 2011இல் ஆராய்ந்து, களிமண் வயிற்றில் நஞ்சையும் கிருமிகளையும் பற்றிக் காக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தனர். குருதியில் இரும்புச்சத்துக் குறைவதோடு இவ்வேட்கை சேர்ந்து வருவதைப் பிறர் சுட்டுவர். என் மாணவியின் முதல் கேள்விக்கு இன்றும் முடிந்த விடை இல்லை. வாந்தி எடுப்பவர்க்குக் கருச்சிதைவு குறைவு என்பது மட்டும் 2016இல் வெளிவந்த ஆய்வு வரை பலமுறை கண்ட உண்மை. ஆனால் 'வாந்தி நல்லது' என்று பெருவாந்தியால் உயிருக்குப் போராடும் பெண்ணிடம் சொல்வது அந்த டிரெஸ்ஸரின் பேச்சைப் போன்றதுதான்.

இறுதியில் விடையின் பெரும்பகுதியைக் கொண்டுவந்தவர், அந்நோயைத் தம் உடலில் பட்டறிந்த ஓர் அம்மையார். அமெரிக்க மரபியல் அறிஞர் மார்லினா பெசோ 1999இல் கருவுற்றிருந்தபோது அசையவும் இயலாமல் கிடந்து, பதினைந்தாம் கிழமையில் கருவை இழந்தார். பிறரின் கவனத்தை ஈர்க்கவே இவ்வாறு செய்கிறாய் என்று தம் மருத்துவர் கூறியதை அவரே பின்னர் வெளிப்படுத்தியுள்ளார். காரணத்தைக் கண்டே தீர்வது என்று உறுதிகொண்டார். 2018இல் அவர் குழுவினர் பல்லாயிரம் பெண்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, ஜிடிஎஃப் 15 என்னும் புரதத்தின் மரபணுவோடு பெருவாந்திக்குத் தொடர்புண்டு என்று கண்டனர். அப்புரதம் மூளைத்தண்டில் ஒரு வாயிலைத் தட்டிக் குமட்டலை எழுப்புவது. அவ்வாயில் 2017இல்தான் கண்டறியப்பட்டிருந்தது. 2023 திசம்பரில், கேம்பிரிட்ஜின் சுடீபன் ஓராகிலி குழுவினரோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. தாயின் குருதியில் ஏறும் அப்புரதத்தின் பெரும்பகுதி கருவிலிருந்து வருகிறது. கருவுறுமுன் தம் உடலில் அப்புரதம் குறைவாக உடைய பெண்கள் அதற்குப் பழகாதவர். திடீரென அது மிகும்போது கடுமையாக வருந்துகின்றனர். முன்னரே மிகுதியாக உடையவர்க்கு அது தைப்பதில்லை.

இதனை உறுதிப்படுத்திய சான்றுகளுள் ஒன்று நமக்கு அண்மையிலிருந்து, இலங்கையிலிருந்து கிடைத்தது. தலசீமியா என்னும் குருதிநோயின் ஒரு வகை உடையவர்க்கு அப்புரதம் வாழ்நாள் முழுதும் மிகுந்திருக்கும். அந்நோய் உடைய இலங்கைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் குமட்டலை ஏறத்தாழ அறியவே இல்லை.

கரு அனுப்பும் செய்தியும், அதனைப் பெறும் தாயுடலின் பழக்கமும் கூடித் தீர்மானிப்பது இது. இரண்டு இதயம் என்று சரகர் சொன்னதை நினைத்துச் சற்றுப் பெருமைப்பட்டேன். அது மிகையான பெருமைதான். அவர் புரதத்தைக் கண்டவர் அல்லர். பெருவாந்தி தாயிடமும் தமக்கையிடமும் வழிவழியாகக் காணப்படுவது ஏன் என்பதற்கும் இந்த ஆய்வு ஓரளவு விடை தருகிறது. முன்கூட்டியே உடலைப் பழக்கினால் தடுக்கலாமா என்று இப்பொழுது ஆராய்கின்றனர்.

கடந்த பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. நான் படித்ததை எளிய தமிழில் எடுத்துச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ பிள்ளையிலிருந்து வந்ததா, தம்பி?" என்றார். ஆம் என்றேன். சற்று நேரம் கழித்து, "அந்த டிரெஸ்ஸர் இருக்கிறாரா?" என்று கேட்டார். அவர் மறைந்து பல்லாண்டு ஆகிவிட்டது என்றேன். பிறகு, அந்தப் பொருளின் பெயரை எழுதித் தரச் சொன்னார். நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தாளை நான்காக மடித்து வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.